குப்பைத்தொட்டிக்குப் போன பாதங்கள்

என் மேசை ஜன்னலோரம். ஜன்னலுக்கு வெளியே தெருமுனை. தெருவே அங்கேதான் குப்பை கொட்டும்: வில்லியனூர் சந்தையிலிருந்து வந்த மீனின் செதில், ஊசிப்போன சாம்பார், குழந்தைகளின் டயப்பர். பத்தடி தள்ளித் தொட்டி ஒன்று மழைத்தண்ணீர் குடித்துக்கொண்டு சும்மா நின்றது. ஜன்னலைத் திறந்துவைத்து ஒரே ஒரு வரி எழுதிவிட வேண்டும். அந்த வருடம் முழுக்க எனக்கு வேறு ஆசை இல்லை.

கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசிலிருந்து ஓர் இளம் அதிகாரி வந்தார்.

"அபராதம் போடுங்கம்மா," என்றேன்.

"கட்டாயப்படுத்தக் கூடாது சார். இங்கயும் போடலாம், அங்கயும் போடலாம். அங்க போடணும்னு அவங்களுக்கே தோணணும்."

தெருமுனையிலிருந்து தொட்டிவரை வெள்ளைப் பெயிண்டில் குட்டிக்குட்டிப் பாதங்கள் வரையவைத்தார். பார்க்கிறவர் கால் தானாக அவற்றின் பின்னால் போகுமாம். கிருஷ்ண ஜெயந்திக்குக் கண்ணன் நடந்து வருவதாக வாசலிலிருந்து பூஜை அறைவரை மாவில் கால் பதிக்கிற தெரு இது. அவருக்கும் அது நினைவில்லை, எனக்கும்தான்.

மறுநாள் எதிர்வீட்டு அக்கா குப்பைக்கூடையோடு வந்தார். பாதங்களைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார். ஒதுங்கி நடந்து, வழக்கம்போல என் ஜன்னலடியில், ஆனால் பக்தியோடு, கொட்டினார்.

"அக்கா, தொட்டி அங்க இருக்கு."

"சாமி கால மிதிச்சிக்கினு குப்ப போடச் சொல்றியா? படிச்சவன்தான நீ?"

"சாமி எதுக்குக்கா தொட்டிக்குப் போவுது?"

"அது எங்க வேணா போவும். உன்னக் கேட்டுக்கினா போவும்?"

வெள்ளிக்கிழமைக்குள் தொட்டியின் நெற்றியில் குங்குமம் ஏறியது, தலையில் சாமந்தி. மூடிய ஜன்னலின் இடுக்கு வழியாக மீன் வாசத்தோடு இப்போது கற்பூரமும் வந்தது.

அதிகாரி மறுபடி வந்தார். குங்குமத்தைப் பார்த்தார். பிறகு அக்காவிடமே கேட்டார், "இப்ப என்னக்கா பண்றது?"

"அந்தக் கால் மேலயே ஹவாய் செருப்பு வரைஞ்சிடும்மா. கண்ணன் செருப்பு போட்டு நீ பாத்திருக்கியா?"

நீலச் செருப்புகள் வந்தன. தெருவே அவற்றின் மேல் டப்டப்பென்று நடந்து தொட்டிக்குப் போனது. அக்காவும்தான்.

"வழிக்கு வந்துட்டியேக்கா," என்றேன்.

"எவன் சொல்லி வந்தேன்? எனக்கா தோணுச்சு."

ஜன்னலைத் திறந்தேன். வயற்காற்று வந்தது, அறுத்த கரும்பின் வாசம் வந்தது, தூரத்து டிராக்டர் வந்தது. வரி மட்டும் வரவில்லை. டீ குடித்தால் வரும் என்று கடைக்குக் கிளம்பினேன். யோசனை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். நிமிர்ந்தால் எதிரே தொட்டி.

அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், கையில ஒண்ணும் காணோம்? உன்னயே போட்டுக்கப் போறியா?"

"இல்லக்கா," என்றேன். "எனக்கா தோணுச்சு."