சட்டை நுனியில் துடைத்த முனை

அன்று நுண்ணோக்கியின் சின்னத் திரையில் நான் பார்த்த கரும்புள்ளி கடுகளவுகூட இல்லை. முடியளவு கண்ணாடி இழையின் முனை அங்கே கருகிப்போயிருந்தது. கருக்கியவன் நான். அதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு ஐந்து வருடம் பிடித்தது.

ரிங்லெட் ஊருக்கு மேலே, தேயிலைச் சரிவில், இரும்புக் கதவு போட்ட ஒற்றை அறைதான் எங்கள் நிலையம். கீழே ஈப்போ நகரத்திலிருந்து தகவலைச் சுமந்து இழை வழியே மலையேறி வரும் ஒளி அங்கே சேர்வதற்குள் சோர்ந்துவிடும். பெருக்கி என்ற கருவி அதற்குத் தெம்பூட்டிக் கிழக்கே அனுப்பும். பழைய பெருக்கிக்கு ஒளியின் சில நிறங்களைத்தான் தூக்க முடியும். அதோடு ஒரு புதிய லேசரையும் சேர்த்தால் இன்னும் பல நிறங்கள் அதே இழையில் போகும், புதுக் கேபிள் புதைக்க வேண்டியதில்லை. அங்கே டெக்னீஷியன்கள் இரண்டே பேர், நானும், நான் அக்கா என்று கூப்பிடுகிறவரும். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், நிலையத்துக்குப் பொறுப்பாளர். கணவரும் பிள்ளையும் ஈப்போவில். புது லேசர் மாட்டும் வேலை பிசகில்லாமல் முடிந்தால் அங்கே மாற்றல் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். "மகன் என்னைப் பார்த்தா அழுறான் தம்பி, யாரோன்னு நினைக்கிறான் லா," என்பார் அக்கா.

புது லேசருக்குச் சக்தி அதிகம். முனையில் தூசு இருந்தால் அங்கேயே எரித்துவிடும். அதற்கென்றே உள்ள துணியால் துடைத்து, நுண்ணோக்கியில் பார்த்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். அக்கா ஜெனரேட்டரைப் பார்க்க வெளியே போயிருந்தார். பழைய பெருக்கியோடு பழகிய பழக்கத்தில், சட்டை நுனியில் ஒரு தேய் தேய்த்து மாட்டிவிட்டேன். லேசரை ஏற்றியதும் முனை கருகி, அன்று முழுக்க இணைப்பு செத்துக் கிடந்தது. மேலே வந்த மேனேஜர் நேராக அக்காவிடம்தான் கத்தினார். அக்கா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "மாட்டும்போது நான் பக்கத்துல இருந்திருக்கணும் சார்," என்று மட்டும் சொன்னார். மேனேஜர் அதையே ஒப்புதலாக எடுத்துக்கொண்டார். வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது.

ஈப்போ மாற்றல் எனக்கு வந்தது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

போன வாரம் மேலும் சில நிறங்களைச் சேர்க்கும்போது, ஒளியின் அளவு சரிபார்க்க அக்கா மலையிலிருந்து அழைத்தார். எண்களைச் சொல்லி முடித்ததும், எப்படியோ சொல்லிவிட்டேன்: "அக்கா, அன்னைக்கு அது நான்தான்."

"எனக்குத் தெரியாததா? அங்க ரெண்டு பேர்தானே இருந்தோம். என்கிட்ட ஏன் சொல்றே? மேனேஜர்கிட்ட சொல்லு லா."

மேனேஜர் அறை என் மேசையிலிருந்து நாலு மேசை தள்ளி இருக்கிறது. கதவு திறந்தே கிடக்கிறது. நான் இன்னும் எழவில்லை.