குளியலறைச் சுவரில் ஐந்து படங்கள்

ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கான பள்ளியில் பதினான்கு வருடம் ஆயாவாக இருந்தவர் அவர். இப்போது, வீடுகளில் அப்படிப்பட்ட குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் போகும் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார். வகுப்பு, ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில். கீழே பல்லைக் குடையும் சத்தம் கிளம்பினால், "பாத்தீங்களா, உங்களுக்கே கூசுது. சில பிள்ளைங்களுக்கு மிக்சி சத்தமே இப்படித்தான்" என்பார்.

போன வருடம் சேர்ந்த ஒருத்திக்கு வகுப்பே வாயாடி என்று பேர் வைத்திருந்தது. "பிள்ளைகிட்ட ஒரு தடவை சொல்லிட்டு, மனசுக்குள்ள பத்து எண்ணுற வரைக்கும் பேசக் கூடாது" என்றால், மூன்றிலேயே பேசிவிடுவாள். "எனக்குப் பூட்டுதான் வாங்கணும்க்கா" என்று அவளே சிரிப்பாள். ஆனாலும் கற்றுக்கொண்டாள்.

அவளை ஐந்து வயதுப் பெண் குழந்தை இருந்த வீட்டுக்கு அனுப்பினார். தலையில் தண்ணீர் பட்டாலே சுவரில் முட்டிக்கொள்ளும் குழந்தை. வாயாடி குளியலறையில் ஐந்து படங்கள் ஒட்டினாள்: சட்டை, வாளி, சோப்பு, குவளை, துண்டு. ஒவ்வொன்றாகக் காட்டிவிட்டுக் காத்திருந்தாள். முதல் வாரம் கால் மட்டும் நனைந்தது. ஏழாவது வாரம் குழந்தை தானே குவளையை எடுத்துத் தலையில் ஊற்றிக்கொண்டது.

மறுவாரம் குழந்தையின் தாய் பயிற்சி கொடுத்தவருக்குப் போன் செய்தார். "நாளையிலருந்து அந்தப் பொண்ணு வர வேணாம்."

இவர் அந்த வீட்டுக்கு அடித்துப் பிடித்து ஓடினார். சுவரில் பசைத் தடம்தான் மிச்சம் இருந்தது.

"ஏம்மா கிழிச்சீங்க?"

"வர்றவங்க எல்லாம் என்னன்னு கேக்குறாங்க. அதோட, ஆயான்னா சத்தமில்லாம குளிக்கிறா. நான் போனா கத்துறா. பெத்தது நானா, அவங்களா?"

நாக்கு நுனிவரை வந்த கோபத்தை விழுங்கிக்கொண்டார். "ரெண்டு நாள் நீங்களும் கூட நில்லுங்கம்மா. உங்ககிட்டயும் வருவா."

"எனக்கு ஆபீஸ் இருக்கு."

வாயாடி ஒரு துணிக்கடையில் சேர்ந்துவிட்டாள். "வேற வீடு பாத்துத் தர்றேன், வாடி" என்று கெஞ்சியும் மசியவில்லை. "இன்னொரு பிள்ளைய பாதியில விட்டுட்டு வர என்னால முடியாதுக்கா."

அவர் பயிற்சி கொடுத்துத் தேற்றி எடுத்தவர்களில் அந்த வருடம் வேலையை விட்டுப் போன மூன்றாவது ஆள் அவள். அதன்பிறகு அவர் கறாராகச் சொல்லிவிட்டார்: பெற்றவர்களில் ஒருவர் நான்கு வகுப்புக்கு வந்தால்தான் ஆள் அனுப்புவேன். விசாரித்தவை ஒன்பது வீடுகள். வந்தவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் வகுப்பு முழுக்கப் போனை நோண்டினார்.

அந்தத் தாய் வரவில்லை. குழந்தை இப்போது எப்படிக் குளிக்கிறாள் என்று கேட்க இவரே அந்த வீட்டுக்கு நாலைந்து முறை போன் செய்தார். யாரும் எடுக்கவில்லை.