லாக் நட்டில் புதுக் கீறல்

போன வாரம் அல்வால் பக்கம் ஒரு மாட்டுப் பண்ணைக்கு மெஷின் ரிப்பேருக்குப் போயிருந்தேன். மேனேஜர் வாசலுக்கே வந்துவிட்டார். டீ கொடுத்தார். கூடவே தட்டு நிறைய பிஸ்கெட்.

அப்போதே எனக்குச் சந்தேகம். ரிப்பேருக்கு வந்தவனுக்கு யார் பிஸ்கெட் கொடுப்பார்கள்?

பேச்செல்லாம் தெலுங்கில். தமிழ் தனக்குச் சுட்டுப்போட்டாலும் வராது என்று அவராகவே சொன்னார். நான் கேட்கவில்லை.

என்னைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு — எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, சனத்நகரில் ஹைட்ராலிக் ரிப்பேர் கடை வைத்திருப்பவன் நான். ஸ்கூட்டரைப் பூட்டிவிட்டு, பாதி வழியில் திரும்பி வந்து பூட்டை ஆட்டிப் பார்ப்பவன்.

அந்த மெஷினுக்குப் பெயர் ரவுண்டு பேலர். வெளிநாட்டுச் சரக்கு. டிராக்டர் பின்னால் ஓடிக்கொண்டே காய்ந்த புல்லை வாரி உள்ளே போட்டுக்கொள்ளும். உள்ளே அகலமான பெல்ட்டுகள் அதைச் சுருட்டிச் சுருட்டி, ஆள் உயர உருளைக் கட்டாக்கிப் பின்கதவு வழியாகத் தள்ளும். பெல்ட்டுகளை விறைப்பாகப் பிடித்திருப்பவை ஹைட்ராலிக் சிலிண்டர்கள். எண்ணெய் அழுத்தம் குறைந்தால் பெல்ட் தொய்யும். பெல்ட் தொய்ந்தால் கட்டு தொளதொள.

இங்கே அதுதான் கோளாறு. தொளதொளக் கட்டுக்குள் மழைத் தண்ணீர் இறங்கி, புல் பூஞ்சை பிடித்துவிட்டது. மாடுகள் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன.

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "மேஸ்திரி, மெஷின் தப்புன்னா சொல்லு, கம்பெனிக்கு டெலக்ஸ் கொடுக்கறேன். ஆள் தப்புன்னாலும் சொல்லு. அந்த டிரைவரை இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடறேன்."

ஆக, பிஸ்கெட் இதற்குத்தான். மெக்கானிக்கைக் கூப்பிடவில்லை மனிதர்... போலீஸ் நாயைக் கூப்பிட்டிருக்கிறார்.

டிரைவர் பிரான்சிஸ், செகந்தராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ் ஆள். மனைவி பிலோமினாவுக்கும் அதே பண்ணையில், தீவனக் கொட்டகையில் வேலை. "வாங்கண்ணே" என்றார் — என் முகத்தைப் பார்க்காமல்.

"டிராக்டர் சாவியக் கொடுங்க."

"நான் எங்கயும் ஓடிட மாட்டேண்ணே."

"நான் உள்ளே தலைய விட்டிருக்கும்போது வண்டி ஓடக் கூடாதுல்ல?"

சாவி என் பாக்கெட்டுக்குப் போனது. பின்கதவைத் தூக்கி, இறங்காதபடி லாக் போட்டு, அதையும் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் குனிந்தேன்.

பெல்ட்டுகள் சரி. ஹோஸில் கசிவு இல்லை. சிலிண்டருக்குள் ரப்பர் சீல் போயிருக்குமோ? அதுவும் நன்றாகவே இருந்தது. எல்லாம் நன்றாக இருந்தும் வேலை செய்யாத மெஷினைப் போல பயமுறுத்துவது வேறு உண்டா?

மிச்சம் ரிலீஃப் வால்வு. அழுத்தம் எதுவரை ஏறலாம் என்று தீர்மானிக்கிற ஸ்க்ரூ அதில்தான் இருக்கிறது. ஸ்க்ரூவை அசையாமல் பிடித்திருப்பது ஒரு லாக் நட். அந்த நட்டில் பெயிண்ட் உதிர்ந்து, மூலைகளில் புதுக் கீறல். யாரோ அளவு சேராத ஸ்பானரைப் போட்டுத் திருகியிருக்கிறார்கள். ஸ்க்ரூ பாதி வெளியே வந்திருந்தது. அழுத்தம் எப்படி ஏறும்?

திரும்பினேன். பிரான்சிஸ் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வானத்தில் ஒன்றுமே இல்லை.

"யார் சொல்லி இதைக் கெடுத்தீங்க? வெளியே புல்லு விக்கற காண்ட்ராக்டரா?"

"நக்கோ அண்ணே, வேணாம், அப்படிப் பேசாதீங்க. என்கூட வாங்க."

கொட்டகையில் பிலோமினாவும் இன்னும் சில பெண்களும் ஒரு கட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். மெஷின் வந்த புதிதில் போட்ட இறுக்கமான கட்டு. வைக்கோல் போரில் பிடுங்குவது போல, தட்டையான பக்கத்தில் விரலை நுழைத்துப் பிடுங்குகிறார்கள். பிலோமினா கையை நீட்டினார். விரல் இடுக்கெல்லாம் புல் அறுத்த கோடு. நகத்தைச் சுற்றித் துணி.

"நீங்க இழுத்துப் பாருங்கண்ணே. ஸ்பானர் பிடிச்ச கைதானே."

இழுத்தேன். கொஞ்சம் புல் வந்தது. கொஞ்சம் தோலும் வந்தது.

"மேனேஜர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னோமே. மெஷின் வந்த பிறகும் கை நோகுதான்னு கேட்டாரு" என்றார் பிலோமினா. "அதான் இவரு லூஸ் பண்ணாரு. கொஞ்சமா பண்ணுங்கன்னேன். இவருக்கு எதையும் கொஞ்சமா பண்ணத் தெரியாது."

பிரான்சிஸ் மறுபடி வானத்தைத் தேடினார். கொட்டகைக்குள் அதுவும் இல்லை.

காலையிலிருந்து பெல்ட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்த என் மூளை அப்போதுதான் அசைந்தது. பெல்ட் இதைச் சுருட்டித்தானே வைத்திருக்கிறது — பாய் மாதிரி. சுருட்டின பாயை யாராவது பக்கவாட்டில் பிய்ப்பார்களா?

கயிற்றை அறுத்தோம். முனையைக் காணோம். இந்தப் பக்கம் உருட்டி, அந்தப் பக்கம் உருட்டி... ஒரு வழியாக அகப்பட்டது. எல்லோருமாகத் தள்ள, கட்டு கொட்டகை நீளத்துக்கு விரிந்துகொண்டே போனது. மாடுகள் கழுத்தை நீட்டின.

பிலோமினா கணவரைப் பார்த்தார். "இதுக்கா இத்தினி நாளு திருட்டு முழி முழிச்சிட்டுத் திரிஞ்சீங்க?"

ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்குத் திருகி, பிரான்சிஸிடம் சாவியைக் கொடுத்து வண்டியை ஓட்டச் சொல்லி, கேஜில் அழுத்தம் ஏறுவதைப் பார்த்து, நட்டை இறுக்கி, கம்பி கோத்து ஈய சீல் அடித்தேன். அடுத்து விழுந்த கட்டை உதைத்துப் பார்த்தேன். கால் வலித்தது. சரியான கட்டு.

மேனேஜர் காத்திருந்தார். மறுபடியும் டீ. தூரத்தில் டிராக்டர் பக்கத்தில் பிரான்சிஸ். சாவி திரும்ப என் பாக்கெட்டுக்கே வந்திருந்தது.

"ஆளா, மெஷினா?"

"லாக் நட் லூஸா இருந்தது சார். இறுக்கிட்டேன்."

"தானா லூஸாச்சா?"

பொய் சொன்னால் எனக்கு வியர்த்துவிடும். "நாள் பூரா ஆடற மெஷின் சார்" என்றேன். அதில் பொய் இல்லையே?

அவர் பார்வை நகரவில்லை. "தமிழ் டிரைவர்னதும் பாசமோ?"

"எனக்கு என் ஸ்கூட்டர் மேலயே நம்பிக்கை கிடையாது சார்."

சிரித்துவிட்டார். மறுநாளும் பிரான்சிஸ் வேலைக்குப் போனார்.

யார் கை வைத்தது என்று கண்டுபிடிக்கத்தான் எனக்கு அத்தனை உபசாரம். யாருக்குக் கை வலிக்கிறது என்று பார்க்கச் சொல்லி இதுவரை ஒருவரும் எனக்கு டீ வாங்கிக் கொடுத்ததில்லை.

நேற்று அந்த வழியாகப் போனபோது எட்டிப் பார்த்தேன். சீல் அப்படியே இருந்தது. கம்பியைக் கொஞ்சம் ஆட்டினேன்.

"இன்னும் நம்பிக்கை வரலையாண்ணே?" என்றார் பிரான்சிஸ்.

"உங்க மேல வந்திடுச்சு. கம்பி மேலதான்..."

பெயர்களையும் இடத்தையும் மாற்றித்தான் இதை எழுதியிருக்கிறேன். பயமில்லை. தவிர, அந்த மேனேஜருக்குத் தமிழ் வராது.

வராது என்றுதான் சொன்னார்.