வலது மேலறையில் ஒரு வெள்ளை நூல்

என் இதயத்தை நான் முதன்முதலாகப் பார்த்தது விழுப்புரத்தில், ஒரு தனியார் மருத்துவமனையின் எக்கோ ஸ்கேன் அறையில். மற்றவர்களுடைய இதயங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பாடம் நடத்திய நேரம் போக, ஆய்வகத்தில் முதுமையைத் தேடிக்கொண்டிருந்தேன். தானமாக வந்த உடல்களின் இதயத்தை வெட்டி, தசையை மெல்லிய சீவல்களாக்கி, சாயமேற்றி, வயதோடு செல்லுக்குள் சேரும் பழுப்பு நிறமியைப் பார்ப்பது என் வேலை. அந்த இதயங்கள் ஃபார்மலினில் ஊறி, சாம்பல் நிறத்தில், மிகவும் ஒழுக்கமாக இருந்தன. ஒன்றுகூட அசைந்ததில்லை.

விழுப்புரம் ஜங்ஷனில் மேம்பாலப் படி ஏறும்போது எனக்கு மூச்சு வாங்கியது. அதற்காகத்தான் எக்கோ. என் கணவர் பிடிவாதமாக அழைத்துப் போனார். அவருக்கு ஓமந்தூர் பக்கம் சொந்த நிலம். பயிரானாலும் மனைவியானாலும் வாட்டம் தெரிந்தால் அன்றைக்கே ஆளைக் கூட்டிவந்து காட்டிவிட வேண்டும் என்பது அவர் கொள்கை.

டெக்னீஷியன் பெண் என்னை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஜில்லென்ற ஜெல்லைத் தடவினாள். திரையைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பச் சொன்னேன். அதுதான் தப்பு. சும்மா படுத்திருக்கும் நோயாளிக்குத் திரையில் சாம்பல் நிறப் புயல் மட்டும்தான் தெரியும். எனக்கு நான்கு அறைகளும் தெரிந்தன. அவை துடிப்பதைப் பார்த்து ஒரு கணம் அசட்டுத்தனமாக ஆச்சரியப்பட்டேன். பிறகு திரையின் இடது கீழ்மூலையைப் பார்த்தேன். இந்தப் படத்தில் அதுதான் வலது மேலறை. உடம்பின் அசுத்த ரத்தம் வந்து சேரும் இடம். அதற்குள் மெல்லிய வெள்ளை நூல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு துடிப்புக்கும் வால்வை நோக்கி எட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கியது.

பெண்ணின் கை நின்றது. படத்தை உறையவைத்தாள். கோணத்தை மாற்றி மறுபடி பார்த்தாள்.

“என்னம்மா அது?”

“சார் பாத்துட்டுச் சொல்வாருங்க மேடம்.”

“நான் டாக்டருங்களுக்கே பாடம் எடுத்தவ. சும்மா சொல்லு.”

“அப்ப உங்களுக்கே தெரிஞ்சிருக்குமே மேடம்,” என்று சொல்லி, துடைத்துக்கொள்ள டிஷ்யூவை நீட்டினாள்.

அவள் விதிப்படி நடந்தாள். முடிவைச் சொல்வது மருத்துவரின் வேலை. மருத்துவரோ அவசரமாகப் புதுச்சேரிக்குப் போயிருந்தார். மறுநாள் காலையில் வரச் சொன்னார்கள். என் தீர்ப்பை நானே எழுதிக்கொண்டேன்: ரத்தக் கட்டி. கால் சிரையிலிருந்து கிளம்பி, வந்த வழியில் வால் மாட்டிக்கொண்டு ஆடுகிறது. பிய்த்துக்கொண்டால் வால்வைத் தாண்டிக் கீழறை, அங்கிருந்து நுரையீரல் தமனி. அந்த வழியைக் கரும்பலகையில் நீல சாக்பீஸால் எத்தனையோ வருடம் வரைந்தவள் நான். வழியின் கடைசியில் நோயாளி பேசிக்கொண்டிருக்கும்போதே செத்துப்போவார் என்பதையும் பாடத்தோடு சேர்த்துச் சொல்வேன். மாணவர்கள் அந்த இடத்தில்தான் தூக்கம் கலைந்து நிமிர்வார்கள்.

வீடு இருக்கும் திண்டிவனத்துக்குப் பஸ்ஸில் வந்தோம். வேகத்தடை வரும்போதெல்லாம் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்து உடம்பைத் தூக்கிக்கொண்டேன். கணவர் வறுத்த மல்லாட்டையை, எங்கள் பக்கத்து வேர்க்கடலையை, தோலுரித்து நீட்டினார்.

“தின்னு. மூஞ்சி ஏன் இப்படி செத்துக் கெடக்குது?”

“வேணாங்க.” புரையேறினால் இருமல் வரும். இருமினால் நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறும்.

“டீச்சரம்மா ஃபெயிலாயிட்டாங்க போல,” என்று அந்தப் பருப்பையும் அவரே வாயில் போட்டுக்கொண்டார்.

கட்டி என்றால் என்னை வீட்டுக்கு அனுப்பியிருக்க மாட்டார்கள் என்ற வாதம் எனக்கும் தோன்றியது. ஆனால் பயம் அதற்கும் பதில் வைத்திருந்தது: அந்தப் பெண் சின்னவள், அவளுக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் தையல் டேப்பை எடுத்து இரண்டு கெண்டைக்காலையும் அளந்தேன். கட்டி கிளம்பிய கால் வீங்கியிருக்க வேண்டும். வலதுகால் ஒரு நூலளவு பெரிதாக இருந்தது. மறுபடி அளந்தேன், இடதுகால் பெரிதானது. மறுபடி அளக்கும்போது அவர் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார்.

“யாருக்கு பேன்ட்டு தெக்கிற?”

சொல்லிவிட்டேன். கட்டியையும், அது போகப்போகும் வழியையும், பேசிக்கொண்டிருக்கும்போதே என்பதையும். அவர் கேலி செய்யவில்லை. அதுதான் என்னை மேலும் பயமுறுத்தியது. முற்றத்தில் காயவைத்திருந்த மல்லாட்டையைக் காலால் தள்ளித் தள்ளிப் பரப்பினார், ஏற்கெனவே பரப்பியதையே. பிறகு போனை எடுத்து யாரிடமோ காலையில் கார் வேண்டும் என்றார். “பஸ்ஸு வேணாம். குலுக்கித் தள்றான்,” என்று என்னைப் பார்க்காமல் சொன்னார்.

மறுநாள் கார் விழுப்புரத்துக்கு மாட்டுவண்டி வேகத்தில் போனது. “முட்டை ஏத்திக்கினு போற மாதிரி போப்பா,” என்று அவர் டிரைவரிடம் சொல்லிக்கொண்டே வந்தார். பின்னால் வந்த லாரிகள் ஹாரனால் எங்களைத் திட்டின. நான் விரல்களை மணிக்கட்டில் வைத்து, ஒவ்வொரு துடிப்பையும் அந்த நூல் இன்னும் பிய்யவில்லை என்பதற்கு அத்தாட்சியாக எடுத்துக்கொண்டேன்.

மருத்துவர் தானே மறுபடி எக்கோ எடுத்தார். நூல் அங்கேயே ஆடிக்கொண்டிருந்தது.

“கட்டிதானே டாக்டர்?”

“அய்யோ, இல்லீங்க மேடம். கட்டி எங்கயாவது வலை மாதிரி இருக்குமா? ஓட்டை ஓட்டையா தெரியுது பாருங்க. கருவுல இருக்கிறப்ப இருந்த வால்வோட மிச்சம். சில பேருக்குக் கரையாம நின்னுடும். பொறந்ததுலேர்ந்து உங்ககிட்டதான் இருக்கு. நீங்களே பாடம் எடுத்திருப்பீங்களே.”

எடுத்திருக்கிறேன், இரண்டு வரி. ஆனால் கண்ணால் கண்டதில்லை. எங்கள் உடற்கூறியல் கூடத்தில் இதயத்தை வெட்டும் முறை அப்படி. ரத்தம் போகும் வழியிலேயே கத்தியும் போகும். முதலில் திறப்பது வலது மேலறை. திறந்ததும் குழாயடியில் பிடித்து, உறைந்த ரத்தத்தை விரலால் வழித்துக் கழுவிவிட்டுத்தான் பார்க்கவே ஆரம்பிப்போம். இப்படி ஒரு வலை இருந்திருந்தாலும் சிலந்திக்கூடு போலச் சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது ரத்தத்தோடு தொட்டியில் இறங்கியிருக்கும். ரத்தத்தில் அது ஆடும் என்று எனக்கு எந்தப் பிணமும் காட்டவில்லை.

“வலையா? மீனு ஏதாவது மாட்டுமா சார்?” என்று என் கணவர் கேட்டார். நேற்றிலிருந்து அவர் சொன்ன முதல் நகைச்சுவை.

“பயப்பட ஒண்ணும் இல்லீங்க ஐயா. மூச்சு வாங்குறது வேற. தசை கொஞ்சம் விறைப்பாயிருக்கு, சுருங்கிட்டு விரியறதுல மெதுவு. மாத்திரை தர்றேன். மத்தபடி வயசுக்கு நார்மல்.”

கணவர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தேன். வயசுக்கு நார்மல். ஆய்வகத்தில் நாங்களும் இந்த வார்த்தையைத்தான் சொல்வோம். இதய நோய் இல்லாமல், வேறு எதனாலோ செத்துப்போன கிழவர்களின் சீவல்களைப் பார்த்து. நுண்நோக்கியில் ஒவ்வொரு செல்லிலும், உட்கருவின் இரு முனையிலும், டீ வடிகட்டியில் தங்கிய தூள் போலப் பழுப்புக் குவியல். தசை நார்களுக்கு நடுவே வடுத் திசு வேர் விட்டிருக்கும். செத்த செல்லுக்குப் பதில் புதுச் செல் பெயரளவுக்கே வரும். நான் ரசித்துப் படமெடுத்தவை. இளைய இதயத்தின் சீவல் ஒன்றை அவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே ஜாதிப் பிராணியுடையவை என்று நம்ப முடியாது. கட்டி என்றால் கரைக்க மருந்து உண்டு; எனக்குள் படிந்திருக்கும் இந்த வயதுக்கு இல்லை.

திரும்பும்போது கணவர் முன்சீட்டில் ஏறினார். “ஜல்தியா போப்பா. மல்லாட்டை காயுது, மானம் வேற இருட்டிக்கினு வருது.”

டிரைவர் மிதித்தான். பைபாஸில் மரங்கள் பின்னால் ஓடின.

“மெதுவாவே போகட்டுங்க,” என்றேன்.

“ஏம்மா, கட்டிதான் இல்லைன்னுட்டாரே?”

“இல்லைதான்.”

அவர் திரும்பிப் பார்த்தார். என் விரல்கள் இன்னும் மணிக்கட்டில்தான் இருந்தன. டிரைவரின் தோளைத் தட்டி, “கொஞ்சம் பாத்துப் போப்பா,” என்றார்.