அப்பாசாமியின் ஏழு உத்தரவுகள்

காலை ஐந்தரைக்கு லாட்ஜின் ஒவ்வொரு கதவையும் மூன்று தட்டு தட்டிக்கொண்டே போவார் அப்பாசாமி. நான்காவது தட்டு கிடையாது. மூன்றுக்கும் எழுந்திருக்காதவர்கள் ஒழுக்கம் கெட்டவர்கள். தியானம் பழக ஜெர்மனியிலிருந்து வந்த அம்மணி கலைந்த தலையோடு எட்டிப் பார்த்தால், "ஃபால் இன்! வெந்நீர் ரெடி!" என்று பட்டாளத்து உத்தரவு போடுவார். பாவம், அமைதி தேடிக் கடல் தாண்டி வந்தவள்.

செங்கம் சாலையில், ரமணாசிரமத்துக்கு நாலு கட்டடம் தள்ளி இருக்கிறது லாட்ஜ். அப்பாசாமி அங்கே காவலாளி. வாசலில் செருப்புகள் உயர வரிசையில் நிற்கும். கொல்லையில் பக்கெட்டுகளும் அப்படியே. நைந்துபோன காக்கிச் சட்டை, அக்குளில் ஒரு பிரம்பு, முறுக்கிய மீசை. எழுபத்தொன்றில் நம் ராணுவம் வங்காளதேசத்துக்குள் போனபோது இவரும் போனார். அடுத்த மார்ச்சிலேயே படை திரும்பிவிட்டது. பத்து வருஷமாகிறது. அப்பாசாமி மட்டும் இன்னும் திரும்பவில்லை.

"படைய வாபஸ் வாங்கினது பெரிய மிஸ்டேக்குடா வேணு," என்பார் சலூனில். "இப்ப இன்னாடான்னா நட்பு ஒப்பந்தமாம். டாக்டரு, இன்ஜினீயரு, சணலு, மீனுன்னு போறதும் வர்றதுமா கீறானுங்க. மீன வெச்சு ஒரு நாட்டக் காப்பாத்த முடியுமா?" சவரக்கத்தி தொண்டையில் இருக்கும்போதும் இந்தப் பேச்சு நிற்காது. வேணுதான் கத்தியை விலக்கிப் பிடித்துக்கொள்வான்.

"டாக்காவ நாங்க புடிச்சப்போ..." என்று தொடங்குவார். டாக்காவைப் பிடித்தவர்கள் வேறு. இவர் எல்லைப் பக்கம் ஜெசூரில் ரேஷன் கிடங்கு வாசலில் நின்றார். அதிலொன்றும் கேவலமில்லை, ஆனால் சொல்ல மாட்டார். மனைவி தனம் சொல்லிவிடுவாள்: "இன்னா பெரிய சண்ட? அங்க பருப்பு மூட்டைக்குக் காவலு, இங்க பக்கெட்டுக்குக் காவலு."

வங்காளி மொழி தெரியும் என்பது இன்னொரு பெருமை. கிடங்குக்கு அந்நியர் வந்தால் சொல்வதற்கென்று ஏழு உத்தரவுகளை உருப்போட வைத்திருந்தார்கள். நில், கையைத் தூக்கு, கதவைத் திற, பையைக் காட்டு, உட்கார், பேசாதே, போ. அவ்வளவுதான் அவருடைய வங்காளி. அந்த ஏழையும் யாரிடமும் சொல்ல நேர்ந்ததில்லை.

போன வாரம் லாட்ஜ் முதலாளி முருகையன் கூப்பிட்டார். வேலூருக்கு வைத்தியத்துக்கு வரும் வங்காளதேசத்துக் குடும்பங்கள் உடம்பு தேறியதும் கோயிலைப் பார்க்க ஆசைப்படுகிறார்களாம். அவர்களை இங்கே அனுப்ப வேலூரில் ஓர் ஆள் ஒப்புக்கொண்டிருந்தான்.

"வங்காளி பேசுவேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியிறியே, நாளைக்கு மொத குடும்பம் வருது. நல்லா கவனி. அவங்க மூஞ்சி சுளிச்சாங்கன்னு வெச்சுக்க, மறுநாளு நீ வர வேணாம்."

"கவலயே படாதீங்க மொதலாளி," என்று சல்யூட் அடித்தவருக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஏழையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். 'வாங்க' என்று ஒன்று இல்லை. 'சாப்பிட்டீங்களா' இல்லவே இல்லை. ஐம்பத்திரண்டு வயதில் வேறு எவன் வேலை கொடுப்பான்? அதைவிட, வேணுவின் முகத்தில் எப்படி விழிப்பது?

மறுநாள் பத்து மணிக்கு ஜட்கா வண்டி வந்து நின்றது. இறங்கியவர் ஜெசூர்ப் பக்கத்துப் பள்ளி வாத்தியார் என்று வேலூர்க்காரன் எழுதியிருந்தான். ஒடிசலான மனிதர்; கையில் மருந்துப் பை. பின்னால் நோயில் இளைத்த மனைவி.

அப்பாசாமி விறைத்து நின்றார். உள்ளேயிருந்து முருகையன் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது சொல்லியாக வேண்டுமே! எதிரே மலை தெரிந்தது. வந்தவர்களை மலையைக் கும்பிடச் சொன்னால் மரியாதையாக இருக்கும் என்று பட்டது மகாராசனுக்கு. பிரம்பை மலைப் பக்கம் நீட்டி, பட்டாளத்துக் குரலில், "ஹாத் தோலோ!" என்றார். கையைத் தூக்கு.

மருந்துப் பை பொத்தென்று விழுந்தது. வாத்தியாரின் இரண்டு கைகளும் தலைக்கு மேலே போயின. அவர் மலையைப் பார்க்கவில்லை. காக்கிச் சட்டையைப் பார்த்தார். அந்த அம்மாள் முக்காட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு கணவருக்கு முன்னால் வந்து நின்றாள். நம் படை போவதற்கு முன்னால், எதிரிப் படைச் சிப்பாய் ஒருவன் வாத்தியாரிடம் இதையே சொல்லியிருக்க வேண்டும். கைகள் அதை மறக்கவில்லை.

"யோவ், அவருகிட்ட இன்னாய்யா சொன்ன?" என்று முருகையன் கத்தினார்.

அப்பாசாமியின் காதில் எதுவும் விழவில்லை. அவரிடம் ஒருவர் சரணடைவது இதுதான் முதல் தடவை. பிரம்பைக் கீழே போட்டார். வாத்தியாருக்குப் பக்கத்தில் போய், மலையைப் பார்த்துத் திரும்பி நின்று, தன் கைகளையும் தலைக்கு மேல் தூக்கினார். "அண்ணாமலையானே..." என்றார்.

வாத்தியார் அவரையும் மலையையும் மாறி மாறிப் பார்த்தார். தூக்கிய கைகள் மெல்ல ஒன்றுசேர்ந்தன. மனைவியும் கும்பிட்டாள்.

வாத்தியார் தன் கைகளைக் கீழே விடும்வரை அப்பாசாமி தன்னுடையவற்றை இறக்கவில்லை.