கறுப்பு நாய்க்கு வந்த கிராக்கி

போன சனிக்கிழமை, எங்கள் நாய்க் காப்பகத்துக் கேட்டை உள்ளே இருந்து பூட்டினேன். வெளியே முதலாளியம்மா, கையில் நாலடுக்குக் கேரியர். உள்ளே நான். நடுவில் மழை.

முதலாளியம்மாவுக்குப் பதுளை பஜாரில் சேலைக் கடை. எங்கள் நாய்களுக்கு மாதாமாதம் அரிசி மூட்டை அனுப்புகிறவர். அப்படிப்பட்டவரை மழையில் நிறுத்திக் கேட்டைப் பூட்டலாமா?

கூடாதுதான். பூட்டினேன்.

காரணம் மணி.

மணியைப் பற்றி நான் இங்கே எழுதியதில்லை. ஒழுங்கான நாயைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? கறுப்பு நாய். ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் வளர்ந்தது. வீட்டுக்காரர்கள் கொழும்புக்கு வேலைக்குப் போனபோது பஸ் ஸ்டாண்ட் வரை கூடவே வந்திருக்கிறது. பஸ் போய்விட்டது. நாய் நின்றுவிட்டது. நாங்கள் தூக்கி வந்தோம். முப்பது நாயில் அதுவும் ஒன்றாக இருந்தது... ஒரு சனிக்கிழமை வரை.

அன்றைக்கு ஓர் இரும்புக்கடைக்காரர் வந்தார். அவருக்குச் சனி பிடித்திருக்கிறதாம். எட்டுச் சனிக்கிழமை கறுப்பு நாய்க்குத் தன் கையால் சோறு போட ஜோசியர் சொன்னாராம். கறுப்பில் இருக்கிறதா என்று கேட்டார். சேலைக் கடையில் கேட்கிற மாதிரியே கேட்டார்.

டவுனில் வேறு கறுப்பு நாயே இல்லையா? பஸ் ஸ்டாண்டில் இரண்டு உண்டு. சோற்றோடு கிட்டப் போனால் ஒன்று ஓடும், மற்றது துரத்தும். எங்கள் மணி அப்படியில்லை. இலையை விரித்ததும் பந்திக்கு வந்த சம்பந்தி மாதிரி உட்காரும். நிதானமாகச் சாப்பிடும். முடித்ததும் நிமிர்ந்து பார்த்து வாலாட்டும். தோஷம் கழிந்துவிட்டது என்று போட்டவருக்கே தோன்றிவிடும்.

செய்தி பஜார் முழுக்கப் போனது. அடுத்த வாரம் மூன்று பேர். அதற்கடுத்த வாரம் ஏழு பேர். பதுளையில் இத்தனை பேரைச் சனி பிடித்திருப்பது எனக்கு அதுவரை தெரியாது.

இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. மணியைப் பார்க்க வருகிறவர்கள் மற்ற நாய்களுக்கும் ஏதாவது தருவார்கள் என்று நினைத்தேன். சனிக்கிழமை காலையில் மணியைக் குளிப்பாட்டி, கேட்டருகே சாக்கு விரித்துக் கட்டி வைத்தேன். என்னோடு வேலை செய்யும் ராமாயி அக்கா அதற்கு ஒரு பொட்டும் வைத்தார். அவர் முப்பது வருஷம் கொழுந்து எடுத்தவர். கையும் வாயும் ஒரே வேகம்.

நினைத்தது நடந்தது. அரிசி வந்தது. கருவாடு வந்தது. கூரைக்குப் புதுத் தகரம் வந்தது. காப்பகம் முன்னேறியது. மணியும் முன்னேறியது – பக்கவாட்டில்.

மற்ற நாய்கள் கம்பிக்குப் பின்னால் நின்று பார்த்தன. முக்கியமாகச் செவலை. எல்ல ஊரைச் சுற்றிப் பார்க்க வருகிற வெள்ளைக்காரர்களுக்குப் படம் எடுக்கக் குட்டி நாய் வேண்டும். பஜார்காரர்களுக்குத் தோஷம் கழிக்கக் கறுப்பு நாய் வேண்டும். வயசான செவலை நாய் யாருக்கு வேண்டும்?

போன வியாழக்கிழமை மணி சாப்பிடவில்லை. முதுகை வளைத்து நின்று வாந்தி எடுத்தது. வயிற்றைத் தொட விடவில்லை. மிருக டாக்டரைக் கூப்பிட்டோம். வந்து சேலைன் ஏற்றினார். சிங்கள மனிதர், தமிழை அளந்துதான் பேசுவார். என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். நெய்ப் பொங்கல், உளுந்து வடை, தயிர்ச்சாதம், கேசரி... சனிக்கிழமையென்றால் ஒரே நாளில் ஒன்பது வீட்டுச் சாப்பாடு என்று சொன்னேன்.

"இது நாயா, கோயிலா?" என்றார்.

கணையம் வீங்கியிருக்கிறதாம். நெய்யோ எண்ணெயோ இன்னொரு தடவை உள்ளே போனால் பிழைக்காது. சனிக்கிழமையிலிருந்து உப்பில்லாத கஞ்சி, ஒரு மணி நேரத்துக்கு ஐந்து கரண்டி. வேறெதுவும் கூடாது.

மணியைக் கேட்டருகே கட்டி வைத்தது யார்? நான். வேறு யாரைக் குறை சொல்ல?

சனிக்கிழமை வருகிறவர்களுக்கெல்லாம் போனில் சொல்லிவிட்டேன். முதலாளியம்மாவின் போன் மட்டும் கிடைக்கவில்லை. வந்துவிட்டார்.

அவருக்கு அது எட்டாவது சனிக்கிழமை. கடைசி. மூத்த மகளுக்கு மூன்று சம்பந்தம் தட்டிப்போனது. ஏழாவது சனி முடிந்த கையோடு மாத்தளையிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் பேச்சுக் கொடுத்திருக்கிறார்கள். இந்த நேரத்தில் நான் கேட்டைப் பூட்டுகிறேன்.

விஷயத்தைச் சொன்னேன். ஒரே ஒரு வாய் என்றார். முடியாது என்றேன். வடையை விட்டுச் சோறு மட்டும் என்றார். சோற்றில் நெய் இருக்கிறதே என்றேன். கொஞ்சம்தான் என்றார். செவலையைக் காட்டினேன். மழையில் நனைந்தால் அதுவும் கறுப்பாகத்தான் தெரியும் என்று ராமாயி அக்கா உதவிக்கு வந்தார். உதவவில்லை.

முதலாளியம்மாவின் குரல் இறங்கியது.

"இன்னைக்கு விட்டா ஏழு வாரமும் வீணாப் போயிரும், செல்வி. புள்ளைக்கு முப்பத்தொன்னு ஆகுது. என் கையால போடணும்னு சொல்லிட்டாங்க. நான் வேற என்ன செய்ய?"

இந்த மாத அரிசி மூட்டை இன்னும் வரவில்லை. அந்த நேரத்தில் அதுவும் எனக்கு நினைவுக்கு வந்தது. பொய் சொல்வானேன்.

"உங்க கையால தின்னு இது செத்துப்போனா, அந்தத் தோஷத்துக்கு எந்த ஜோசியர்கிட்டம்மா போவீங்க?" என்றேன்.

அவர் கேரியரைக் கை மாற்றிப் பிடித்தார்.

ராமாயி அக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை. "கையாலதானே போடணும்? கஞ்சிய ஊட்டட்டும். நமக்கும் ஒரு ஆளு குறையுது."

கேட்டைத் திறந்தேன்.

பட்டுச் சேலையோடு சிமெந்துத் தரையில் சாக்கு மேல் உட்கார்ந்தார். கரண்டியைப் பார்த்ததும் மணி முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஏழு வாரம் நெய்ப் பொங்கல் போட்ட கையல்லவா? அரை மணி நேரம் கெஞ்சினார். பிறகு கஞ்சியை விரலில் தொட்டு அதன் உதட்டில் தடவினார். நக்கியது. இன்னொரு விரல். அதையும் நக்கியது.

காலை பத்து மணிக்கு வந்தவர், விளக்கு வைக்கிற நேரம் வரை இருந்தார். ஒரு மணி நேரத்துக்கு ஐந்து கரண்டி. நடுவில் கேரியரை நாங்கள் மூன்று பேரும் பிரித்துச் சாப்பிட்டோம். பொங்கல் அருமை. மணி மேல் தப்பே இல்லை.

போகும்போது, இது எட்டாவது சனியாகச் சேருமா என்று கேட்டார். அது எனக்குத் தெரியாது, கஞ்சி வாந்தியாகாமல் வயிற்றில் நின்றது, அது தெரியும் என்றேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கேட்டைத் தட்டும் சத்தம். முதலாளியம்மா. நூல் சேலை. கையில் பிளாஸ்க்.

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமைங்கம்மா."

"தெரியும். தள்ளு."

நேராக மணியிடம் போனார்.

மாத்தளையிலிருந்து இன்னும் பதில் இல்லை. மணி செவ்வாய்க்கிழமை எழுந்து நின்று குரைத்தது. கேட்டருகே இப்போது நாய் கட்டுவதில்லை. அட்டை ஒன்று தொங்குகிறது. ராமாயி அக்கா சொல்ல, நான் எழுதியது: தோஷம் கழிக்க வருகிறவர்கள் கஞ்சி ஊட்டலாம், நாய் குளிப்பாட்டலாம், கூடு கழுவலாம். தன் கையால் செய்தால் போதும்.

செவலை இன்னும் கம்பிக்குப் பின்னால்தான் நிற்கிறது. அதற்கும் ஒரு கிரகம் ஒதுக்கித் தரக்கூடிய ஜோசியர் யாராவது இதைப் படித்தால்... வாங்க, கேட் திறந்துதான் இருக்கிறது.