இரண்டு என்று சொன்னேன்

நியூ ஜெர்சியில் நாங்கள் வாடகைக்கு இருந்த பழைய வீட்டுக்கு எண்ணெயில் எரியும் ஹீட்டிங். பேஸ்மென்ட்டில் ஒரு டேங்க், பக்கத்தில் அந்த எண்ணெயை எரித்து வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ். அதைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஜனவரியில் ஒரு சனிக்கிழமை காலை அது நின்றுபோனது. கணவர் வேலை விஷயமாகக் கலிஃபோர்னியா போயிருந்தார். ஏழு வயது மகள் ஜாக்கெட்டோடு சோபாவில் உட்கார்ந்து, வாயிலிருந்து ஆவி வருகிறதா என்று ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்காரர் ஈரோட்டுக்காரர், இப்போது டெக்சஸில் இருக்கிறார். அவருக்கு ஃபோன் செய்தேன்.

"பயப்படாதம்மா. ஃபர்னஸ்ல ஒரு சிவப்பு பட்டன் இருக்கும். அதை அமுக்கு, ஸ்டார்ட் ஆயிடும்."

"ஆகலைன்னா அங்கிள்?"

"ஆகும்மா. நான் எத்தனை தடவை பண்ணியிருக்கேன்."

அமுக்கினேன். உறுமியது, அரை நிமிடத்தில் அடங்கிவிட்டது. மேலே வந்தேன், மறுபடி இறங்கினேன், மறுபடி அமுக்கினேன். சும்மா உட்கார்ந்திருப்பதற்கு அது மேலாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் இப்போது பிடித்துக்கொள்ளும் என்றே தோன்றியது. ஏழாவது தடவைக்குப் பிறகுதான் பழுது பார்ப்பவரைக் கூப்பிட்டேன்.

மதியம் வந்தவர் வயதான அமெரிக்கர். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, அந்தச் சிவப்பு ரீசெட் பட்டனை எத்தனை தடவை அமுக்கினீர்கள் என்று கேட்டார்.

"இரண்டு," என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றும் தெரியவில்லை. திட்டுவார் என்று நினைத்தேனோ என்னவோ.

அவர் தலையாட்டிவிட்டு வேலையில் இறங்கினார். எண்ணெய் ஃபில்டரை மாற்றினார். எண்ணெயைப் பீய்ச்சும், அடைத்திருந்த ஒரு சின்னப் பித்தளை மூக்கைக் கழற்றிக் காட்டினார். நான் நின்ற இடத்தில் நிற்க முடியாமல் ஃபர்னஸைச் சுற்றி வந்தேன். அப்போதுதான் அதன் பக்கவாட்டில் ஒட்டியிருந்த மஞ்சள் ஸ்டிக்கர் கண்ணில் பட்டது. ரீசெட்டை ஒரு தடவைக்கு மேல் அமுக்கக் கூடாது என்று போட்டிருந்தது.

படி ஏறினேன். பாதியில் நின்றேன். கீழே அவர் கை பட்டனை நோக்கிப் போயிற்று.

"நிறுத்துங்கள். இரண்டு இல்லை. ஏழு."

கையை எடுத்துக்கொண்டார். கோபப்படவில்லை. "குழந்தையைக் கூட்டிக்கொண்டு காரில் போய் உட்காருங்கள்," என்றார்.

காரில் என் கண் வீட்டை விட்டு அகலவில்லை. "ஆர் வி கோயிங் சம்வேர்?" என்று மகள் கேட்டாள்.

"இல்லடா. சும்மா உக்காந்திருக்கோம்."

ஒரு மணி நேரம் கழித்து அவர் வாசலுக்கு வந்து கையசைத்தார். ஒவ்வொரு அமுக்கலுக்கும் எரியாத எண்ணெய் உள்ளே தேங்கியிருந்ததாம். அப்படியே பற்றவைத்திருந்தால் மொத்தமும் ஒரே நேரத்தில் தீப்பிடித்திருக்கும் என்றார். துடைத்தெடுத்த துணிகளை ஒரு வாளியில் போட்டு எடுத்துப் போனார்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "எனக்கும் யாரும் சொல்லலையேம்மா," என்றார்.

சாயங்காலத்துக்குள் வீடு சூடாகிவிட்டது. மகள் ஜாக்கெட்டைக் கழற்றி எறிந்தாள். ஃபர்னஸ் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் நான் எழுந்து நின்றேன். ஃபோனில் நான் படி இறங்கி ஏறும் சத்தத்தை வைத்துக் கணவர் கேட்டார்: "சரியாயிடுச்சுல்ல? அப்புறம் ஏன் கீழ போயிட்டே இருக்க?"

படிக்கட்டில் நின்றபடியே, "ஒண்ணும் இல்ல," என்றேன்.